மேட்டக்காவும் மாப்பிள்ளை டயரும்

மேட்டக்காவின் பிக்கப் வண்டி பள்ளிக்கூட வளைவில் மூச்சு வாங்கி நின்றுவிட்ட செய்தி, அந்த வண்டி கீழே இறங்கி வருவதற்குள் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. ஸ்டாண்டில் இருந்த சரக்கு வண்டிக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காக ஒருவர் தன் வண்டி டயரை உதைத்துப் பார்த்தார், ஒருவர் மடித்த தார்ப்பாயை மறுபடி மடித்தார், ஒருவர் காலி டீ கிளாஸை உதட்டில் வைத்து உறிஞ்சிக்கொண்டே இருந்தார். ‘ஹாரன்’ என்று அழைக்கப்பட்டவர் மட்டும் அண்ணாந்து பார்த்து, “மழை வருமோ?” என்றார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

அக்கா வண்டியை ஓரங்கட்டி இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார்.

“என்ன, யாராவது போய்ச் சேர்ந்துட்டாங்களா? இப்படி உக்காந்திருக்கீங்க?”

“இல்லக்கா... வளைவுல ஏதோ...” ஸ்டாண்டுத் தலைவர் தாடையைச் சொறிந்தார்.

“நின்னுச்சு. ஆமா, நின்னுச்சு. வண்டின்னா நிக்காதா? நிக்காம ஓடிட்டே இருக்க அது என்ன ஆறா?”

“உங்க வண்டி நிக்காதுன்னு நீங்கதானக்கா சொல்லிட்டிருந்தீங்க,” என்றார் ஹாரன், இன்னும் மேகத்தைத் தேடியபடி.

இந்த இடத்தில் அந்த மேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் அக்காவின் முகம் ஏன் அப்படிச் சிவந்தது என்று புரியாது. ஊர் இரண்டு தட்டு. கீழ்த்தட்டில் கடைகள், கிடங்குகள், பட்டறைகள். மேல்தட்டில் வீடுகள், பெரிய ஆஸ்பத்திரி, நல்ல காற்று. இரண்டையும் இணைப்பது ஒரே ஒரு மேட்டுச்சாலை. அதை வரைந்தவர் நேராகத்தான் வரைந்துகொண்டு போயிருக்கிறார். நடுவில் பள்ளிக்கூடத்து மதில் குறுக்கே வந்ததும் பென்சிலை அப்படியே ஒரு திருப்புத் திருப்பிவிட்டார். அந்த வளைவில்தான் ஏற்றமும் அதிகம், அகலமும் குறைவு. அதற்கு மேலே உச்சி வரைக்கும் ஒரு லாரி போனால் ஒரு பூனை ஒதுங்க இடமிருக்காது. அங்கே ஒரு சரக்கு வண்டி நின்றுவிட்டால், கீழே இருப்பவர்கள் மேலே போக முடியாது, மேலே இருப்பவர்கள் கீழே வர முடியாது, நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் அதை நிறுத்தியவரின் பரம்பரையைப் பற்றிப் பேசுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது.

அதனால் ஸ்டாண்டில் ஒரு சட்டம். யாருடைய வண்டி வளைவில் நின்றாலும் அவருக்கு அன்றோடு மேட்டு லோடு கிடையாது. திரும்ப வேண்டுமென்றால் கிளாஸ் டெஸ்ட் கொடுக்க வேண்டும். முழு லோடோடு ஏறி, வளைவில் வேண்டுமென்றே வண்டியை நிறுத்த வேண்டும். பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி ஒரு கண்ணாடி டீ கிளாஸை வைப்பார்கள். வண்டி பின்னால் நழுவாமல் கிளம்பி மேலே போனால் பாஸ். கிளாஸ் உடைந்தால் அந்த வருடம் முழுக்கக் கீழ்த்தட்டிலேயே சோபா, பீரோ ஏற்றிக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், இத்தனை வருடமாக அந்த கிளாஸைக் குனிந்து வைத்து, உடைந்ததும் “பாவம்” என்று உச்சுக்கொட்டி வந்தவர் சாட்சாத் மேட்டக்காதான். ஹாரனுக்கு அவர் இரண்டு தடவை உச்சுக்கொட்டியிருக்கிறார். மூன்றாவது தடவை ஹாரன் பாஸான போதும், பழக்க தோஷத்தில் உச்சுக்கொட்டிவிட்டார். அதை ஹாரன் இன்னும் மறக்கவில்லை.

அக்கா வண்டி ஓட்ட வந்த கதையே ஒரு வாய்ச்சண்டையில் ஆரம்பித்ததுதான். அப்போது அவர் டைல்ஸ் கிடங்கில் பெட்டி சரிபார்க்கிற வேலையில் இருந்தார். முழுசாக ஏற்றிவிடுகிற டைல்ஸ் மேல்தட்டுக்குப் போய்ச் சேரும்போது பாதி நொறுங்கிப்போய், பழி கிடங்கின் மேல் விழும். “ரோட்டுல ஓட்டுறீங்களா, படிக்கட்டுல உருட்டுறீங்களா?” என்று ஒரு நாள் ஒரு டிரைவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்த மனிதர் சாவியை அவர் முன்னால் நீட்டி, “அவ்வளவு தெரிஞ்சா நீயே ஓட்டேன்,” என்றார். சொன்னவர் அதோடு மறந்துவிட்டார். கேட்டவர் மறக்கவில்லை. அடுத்த மழைக்காலம் வருவதற்குள் லைசென்ஸ், அதற்கடுத்த மழைக்காலத்துக்குள் ஒரு பழைய பிக்கப். முதல் லோடிலேயே ஒரு டைல் கூட கீறாமல் மேலே கொண்டுபோய் இறக்கி, அங்கிருந்தே கிடங்குக்குப் போன் போட்டு, “ஓட்டிட்டேன்னு அந்தாள்கிட்ட சொல்லுங்க,” என்றார். அடக்கம் என்பது அவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து. சாப்பிட்டால் வாந்தி வந்துவிடும். ‘மேட்டக்கா’ என்ற பெயரை யாரோ கிண்டலுக்கு வைக்க, அவர் அதை அழகாக எழுதச் சொல்லி வண்டியின் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டார்.

இப்போது ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் வருகிறது. தரை, சுவர், மாடிப்படி எல்லாவற்றுக்கும் டைல்ஸ். மாதக்கணக்கில் லோடு. கட்டட மேஸ்திரி, “எனக்கு ஒரே வண்டிதான் வேணும், உடையாம வரணும், வழியில நிக்கக் கூடாது,” என்று ஸ்டாண்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது தனக்குத்தான் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. சந்தேகம் என்கிற பழக்கமே அவருக்கு இல்லை. அந்த நேரம் பார்த்துத்தான் வளைவில் வண்டி நின்றது.

“திங்கக்கிழமை காலைல டெஸ்ட் வெச்சுக்கலாம்க்கா,” என்றார் தலைவர் தரையைப் பார்த்து. “அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு முதல் லோடு. நீங்களே அதை ஏத்துங்க. ஏறிட்டீங்கன்னா மொத்த வேலையும் உங்களுக்கு. இல்லன்னா...”

“இல்லன்னா நான் இருக்கேன்,” என்றார் ஹாரன்.

*

வண்டிக்கு என்ன கேடு என்று அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. அதைச் சொல்லத்தான் முடியவில்லை.

அந்தக் கேட்டைக் கொண்டுவந்தவர் மாப்பிள்ளை. தங்கமான பையன் என்று அக்காவே நாலு பேரிடம் சொல்லி வைத்திருக்கிற மாப்பிள்ளை. அவருக்குச் செல்போன் உறை விற்கிற கடை. கண்ணாடி மாதிரி மெலிசாக வருகிற போனுக்கு இரண்டு பக்கமும் ரப்பர் கவசம் போட்டுச் செங்கல் மாதிரி ஆக்கிக் கொடுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். எதற்கும் தடிமனாக ஒன்றை மாட்டிவிட்டால் அது பத்திரமாகிவிடும் என்பது அவருடைய தொழில் நம்பிக்கை.

ஒரு நாள், “அத்தை, வண்டியைக் கழுவிட்டு வர்றேன்,” என்று எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது வண்டி தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே ‘ஊ...ம்’ என்று ஒரு சத்தம் நுழைந்தது. பிறகு வண்டி. நாலு சக்கரமும் புதுசு. ஒவ்வொன்றும் பழசை விட நாலு விரல் உயரம், ஒன்றரைப் பங்கு அகலம், முதலை முதுகு மாதிரி கட்டை கட்டையாகப் பல். நடுவில் கறுப்பு ரிம். ஒல்லியான குமாஸ்தா ஒருவர் பயில்வானின் பூட்ஸைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து நிற்பது போலிருந்தது.

“எப்படி அத்தை?”

மாப்பிள்ளை தன் கைக்காசைப் போட்டு, ஆசையாகச் செய்துகொண்டு வந்து, நெற்றி வியர்வையைக்கூடத் துடைக்காமல் எதிரே நிற்கிறார். அந்த நேரத்தில் ஒரு மாமியார் வேறென்ன சொல்ல முடியும்?

“சிங்கம் மாதிரி இருக்கு மாப்பிள்ளை!”

சொன்னதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஸ்டாண்டில் போய், “எங்க மாப்பிள்ளை போட்டது, எவன்கிட்டயாவது இருக்கா?” என்று மார்தட்டினார். இவ்வளவு தூரம் புகழ்ந்த பிறகு திரும்பி வர வழி ஏது? புகழ்ச்சியில் ரிவர்ஸ் கியர் கிடையாது.

சிங்கம் முதல் நாளே நொண்டியது. சிக்னலில் பச்சை விழுந்ததும் முன்பெல்லாம் தாவுகிற வண்டி, இப்போது ‘போகத்தான் வேண்டுமா?’ என்று கேட்டது. மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது, இரண்டாவதில் ஏறிய இடத்தில் முதலாவது, முதலாவதில் ஏறிய இடத்தில் முருகா என்பதா முனியப்பா என்பதா என்று யோசிக்க வேண்டியிருந்தது. பிரேக் மிதித்தால், இன்னும் கொஞ்சம் போய்விட்டு நிற்கிறேனே என்றது. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் உள்ளே மட்கார்டில் உரசி ‘கர்ர்’ என்று பல்லைக் கடித்தது. டீசலை மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் குடித்தது.

அக்கா டீசல் பங்கைத் திட்டினார். ஃபில்டரை மாற்றினார். ரோட்டில் கல் அதிகமாகிவிட்டது என்றார். மகளிடம் மட்டும் ஒரு தடவை மெல்ல வாயைத் திறந்தார்.

“ஏன்டி, உன் வீட்டுக்காரர் போட்ட டயர் கொஞ்சம் கனமோ?”

“அம்மா! அவர்கிட்ட கேட்டு வெச்சுடாத. எவ்வளவு ஆசையா வாங்கினார் தெரியுமா? முகம் சுண்டிப்போயிடும்.”

அக்கா வாயை மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அது அரிதான நிகழ்ச்சி.

*

வளைவில் நின்ற அன்று சாயங்காலம், வீட்டுக்காரர் கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்போடு வாசலுக்கு வந்தார். அவர் தையற்காரர். வீட்டு முன்னறைதான் கடை. அக்கா பேசுகிற அளவுக்கு அவர் பேசாமல் இருப்பார். அப்படித்தான் அந்த வீட்டில் சராசரி காப்பாற்றப்பட்டு வந்தது. மட்கார்ட் உரசிய இடத்தைத் தடவிப் பார்த்தார். குனிந்து டயரின் சுற்றளவை அளந்தார். ஸ்டெப்னியாக இன்னும் அடியில் தொங்கிக்கொண்டிருந்த பழைய அளவு டயரையும் அளந்தார்.

“என்ன, வண்டிக்கு ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?” என்றார் அக்கா எரிச்சலாக.

“பெரிய உருளைல ஒரு சுத்து சுத்தினா நூல் அதிகமா ஓடும்.”

“அதுக்கு?”

“இதுவும் ஒரு சுத்துக்கு ரோட்டை அதிகமா முழுங்குது. ஆனா இன்ஜின் அதேதான், கியரும் அதேதான். ஒவ்வொரு சுத்துக்கும் அதிகமா தம் கட்டணும். சமதரைல சமாளிக்கும். மேட்டுல என்ன பண்ணும்?”

ஒரு வருடத்துப் பேச்சை ஒரே மூச்சில் பேசிவிட்ட களைப்பில் அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தெரியுதுங்க. எனக்குத் தெரியாதா? ஆனா மாப்பிள்ளைகிட்ட எந்த வாயால சொல்றது? சிங்கம்னு சொன்ன வாயால இப்ப பன்னின்னு சொல்லவா?”

“நீ சொல்லாத. லோடை ஏத்தி அவரைப் பக்கத்துல உக்கார வை. வண்டி சொல்லட்டும்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உறைக்கடைக்கு விடுமுறை. கிடங்கிலிருந்து லோடை ஏற்றிக்கொண்டு, “மாப்பிள்ளை, சும்மா ஒரு ரவுண்டு போலாமா?” என்றார் அக்கா. மாப்பிள்ளை ஏனோ தயங்கித் தயங்கித்தான் ஏறினார். பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை, சாலை காலியாகக் கிடந்தது.

வண்டி ஏறத் தொடங்கியது. இன்ஜின் முனகியது. அக்கா இரண்டாவது கியரிலிருந்து முதலுக்கு வந்தார். கிளட்ச் கருகுகிற வாடை கேபினுக்குள் வந்தது. அக்கா சாலையையே பார்த்தார். மாப்பிள்ளை தன் முழங்காலையே பார்த்தார். வளைவு வந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, ஒரு பெருமூச்சு விட்டு, நின்றது.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

“மாப்பிள்ளை, தப்பா நினைக்கக் கூடாது...”

“அத்தை, கோவிச்சுக்கக் கூடாது...”

“நீங்க சொல்லுங்க.”

“இல்ல, நீங்க சொல்லுங்க அத்தை.”

“அட, சொல்லுங்க மாப்பிள்ளை, வண்டி பின்னாடி போகுது!”

மாப்பிள்ளை பதறி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு கொட்டிவிட்டார். “டயர் சரியில்ல அத்தை. எனக்கு ரெண்டாவது நாளே தெரியும். ஸ்கூட்டர்ல உங்க பின்னாடி வந்தேன். நீங்க நாப்பதுல போனேன்னு சொன்னீங்க, என் மீட்டர் அதுக்கு மேல காட்டுச்சு. உங்க வண்டி மீட்டர் பழைய டயர் நினைப்புலயே எண்ணிட்டிருக்கு. அன்னைக்கே மாத்திடலாம்னு இருந்தேன்.”

“ஏன் மாத்தல?”

“நீங்கதான் சிங்கம்னீங்களே! ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டீங்க. இப்ப போய்க் கழட்டினா உங்க முகம் சுண்டிப்போயிடும்னு...”

“யாரு சொன்னா?”

“உங்க பொண்ணுதான்.”

அக்கா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் போலிருக்கிறது என்று மாப்பிள்ளைக்கு உயிரே போய்விட்டது. நிமிர்ந்த போதுதான் தெரிந்தது, சிரிக்கிறார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

“அவளை முதல்ல தபாலாபீஸ்ல சேர்க்கணும் மாப்பிள்ளை. ரெண்டு பக்கத்துக் கடுதாசியையும் வாங்கி ஒண்ணைக்கூடக் குடுக்காம வெச்சிருந்திருக்கா பாருங்க!”

கல்யாணமாகி இத்தனை நாளில் மாமியாரும் மாப்பிள்ளையும் மரியாதைக் கூச்சம் ஏதுமில்லாமல் பேசிக்கொண்டது அந்த மேட்டில்தான். வண்டியை அங்கேயிருந்து கீழே பின்னோக்கி இறக்குவதற்குள், “நீங்க வளைவுல கிளட்சை ரொம்பப் போட்டுத் தேய்க்கறீங்க அத்தை” என்று அவரும், “உறை விக்கறவர் உறை விக்கணும்” என்று இவரும் சொல்லி முடித்திருந்தார்கள். இருவருக்கும் மனசு பஞ்சாகிவிட்டது. டயர் மட்டும்தான் பாக்கி.

*

லோடைக் கிடங்கில் இறக்கிவிட்டு வந்து நின்ற இவர்களைப் பார்த்ததும் டயர் கடைக்காரர் எழுந்துகூட வரவில்லை. பரணைக் கையால் காட்டினார். அங்கே அக்காவின் பழைய சக்கரங்கள் ரிம்மோடு அடுக்கியிருந்தன.

“வித்திருப்பீங்கன்னு நினைச்சேன்,” என்றார் மாப்பிள்ளை.

“லோடு வண்டிக்குப் பெரிய டயர் போட்டுட்டுப் போறவங்க பழசை நான் உடனே விக்கறதில்ல. திரும்பி வருவாங்க.”

“திரும்பி வருவோம்னு தெரிஞ்சும் எதுக்குய்யா மாட்டி அனுப்புன?” அக்கா இடுப்பில் கை வைத்தார்.

“பெருசு வேணும்னு கேட்டார், குடுத்தேன். வேணாம்னு சொல்லியிருந்தா பக்கத்துக் கடைக்குப் போயிருப்பார். அங்கே இதை விடப் பெருசு இருக்கு.”

அக்கா பக்கத்துக் கடையை எட்டிப் பார்த்தார். அதற்குள் கடைக்காரர் பழைய சக்கரம் ஒன்றை இறக்கினார், புதியது ஒன்றைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். “தூக்கிப் பாருங்க.”

பழையதை அக்கா முழங்கால் வரை தூக்கினார். புதியதைத் தூக்கப் போன மாப்பிள்ளை, “அம்மா” என்று தன் தாயை நினைவுகூர்ந்து கீழே வைத்தார்.

“இந்தக் கனத்தை வண்டி மேல வெச்சிருந்தா அது பாட்டுக்கு உக்காந்துட்டு வரும். சக்கரத்துல வெச்சா அதை இழுக்கவும் இழுக்கணும், சுத்தவும் சுத்தணும். ஒரு மூட்டையைத் தோள்ல போட்டுட்டு மாடி ஏறுங்க. அப்புறம் அதையே ரெண்டு காலுலயும் கட்டிட்டு ஏறுங்க. அப்போ தெரியும்.”

“அதான் கிளம்பவும் மாட்டேங்குது, நிக்கவும் மாட்டேங்குது,” என்றார் அக்கா.

“சுத்த ஆரம்பிக்கவும் சோம்பல், சுத்தறதை விடவும் சோம்பல். இதுல இந்தப் பல்லு வேற. சேத்துல புதைஞ்சா கடிச்சுட்டு வெளிய வரும். தார் ரோட்டுல கடிக்க என்ன இருக்கு? சும்மா டீசலைத்தான் கடிக்கும். அதுவும் போக, உங்க பழைய டயர் பக்கவாட்டுல பாருங்க, இவ்வளவு எடை தாங்கும்னு போட்டிருக்கும். சரக்கு ஏத்தறவங்களுக்குன்னே செஞ்சது. புதுசுல அந்த நம்பர் கம்மி.”

“அப்ப இது ஒண்ணுத்துக்கும் ஆகாதா?” மாப்பிள்ளை முதலைப் பல்லைத் தடவிக்கொண்டே கேட்டார். ஆயிரம் இருந்தாலும் ஆசைப்பட்டு வாங்கியது.

“யார் சொன்னா? டயர் மேல என்ன தப்பு? ஆத்தோரம் நர்சரி வெச்சிருக்கார் ஒருத்தர். செடிதான் லோடு, கனமே இல்ல. ஆனா பாதையெல்லாம் சேறு. வாரத்துல ரெண்டு நாள் அவர் வண்டியை டிராக்டர் வெச்சு இழுக்கறாங்க. இந்த அளவைத் தேடிட்டுத்தான் இருக்கார். அவர் வண்டிக்கு இடமும் இருக்கு, இழுக்க இன்ஜினும் இருக்கு.”

முதலைப் பல் டயர்கள் அன்றைக்கே நர்சரிக்காரரிடம் போயின. அவர் போன் போட்டு, “சேத்துல சிங்கம் மாதிரி போகுதுங்க!” என்றாராம். மாப்பிள்ளை அதைக் கேட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பழைய சக்கரங்கள் வண்டியில் ஏறின. லோடுக்கு ஏற்ற காற்றைக் கடைக்காரர் அளந்து அடைத்தார். அக்கா சும்மா ஒரு தடவை தெருமுனை வரை போய் வந்தார். போகும்போது மேட்டக்காவாகப் போனவர், வரும்போது பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி வந்தார்.

“மாப்பிள்ளை! கால் வெக்கறதுக்குள்ள ஓடுது! மிதிக்கவே வேணாம், நினைச்சா போதும்!”

“இது புகழ்ச்சியா அத்தை, உண்மையா?”

“இனிமே உங்ககிட்ட புகழ்ச்சியே கிடையாது. போங்க.”

*

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி டைல்ஸ் வண்டியின் இடுப்பு வரை ஏறியது. மாப்பிள்ளை பெட்டிகளுக்கு நடுவே அட்டைகளைச் செருகினார். பொருளைப் பத்திரமாகப் போர்த்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, அது இப்போது சரியான இடத்தில் பயன்பட்டது. தலைவர் கேபினில் அக்காவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஸ்டாண்டு மொத்தமும் நடந்தும், ஸ்கூட்டரிலும் பின்னாலேயே வந்தது.

ஹாரனை மட்டும் காணவில்லை. டெஸ்ட் முடிகிற வரை காத்திருப்பது அவருக்கு வீண் வேலையாகப் பட்டிருக்கிறது. அக்கா தோற்பது நிச்சயம், நிச்சயமான விஷயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பானேன் என்று, காலி வண்டியை எடுத்துக்கொண்டு மேலே போயே போய்விட்டார், மேஸ்திரியைக் கையோடு கூட்டிவந்து பேசி முடிக்க.

வண்டி மேட்டைத் தொட்டது. இன்ஜின் குரல் மாறியது. ஆனால் முனகல் இல்லை. பழைய கனம், பழைய உயரம், பழைய கியர். எந்த இடத்தில் எவ்வளவு மிதிக்க வேண்டும் என்று அக்காவின் காலுக்கு மனப்பாடம். வளைவு வந்ததும் நிறுத்தினார். தலைவர் இறங்கிப் போய்ப் பின் சக்கரத்துக்குப் பின்னால் சாண் போட்டு அளந்து, கிளாஸை வைத்தார்.

“தலைவரே, உங்க சாண் குட்டையா இருக்கே?” அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்துக் கத்தினார்.

“ஏன், பயமா?”

“கிளாஸுக்காகப் பாவப்படறேன். பக்கத்துலயே வைங்க, எனக்கென்ன!”

கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பு தானாக அடங்கியது. அக்கா கிளட்சை மெல்ல விட்டார். இன்ஜினின் சத்தம் ஒரு படி இறங்கி, வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கி, உடம்பு முழுக்க ஒரு நடுக்கம் ஓடி நின்றது. வண்டி பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். ஒரு விரற்கடை கூடப் பின்னால் வரவில்லை. சக்கரம் முன்னால்தான் உருண்டது. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி வண்டி வளைவுக்குள் நுழைந்து மேலே ஏறியது.

கீழே ஒரே கூச்சல். தலைவர் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓடிவந்து கேபினில் தொற்றினார். “பாஸ்! பாஸ்க்கா!”

“தெரியும். உள்ள உக்காருங்க, விழுந்து வெக்கப் போறீங்க.”

வளைவைத் தாண்டிக் குறுகலில் பாதி தூரம் போயிருப்பார்கள். எதிரே, மேலேயிருந்து, ஹாரனின் வண்டி இறங்கி வந்தது. பக்கத்தில் மேஸ்திரி.

இரண்டு வண்டிகளும் மூக்கோடு மூக்கு நின்றன. ஒதுங்க இடமில்லை. மேட்டில் எதிரெதிரே வந்தால், லோடோடு ஏறுகிற வண்டிக்குக் காலி வண்டிதான் வழி விட வேண்டும். இந்தச் சட்டத்தை ஸ்டாண்டில் அதிகம் உரக்கப் பேசுபவர் ஹாரன்தான்.

அக்கா அவசரப்படவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, விரல்களால் மட்டும் ‘பின்னாடி, பின்னாடி’ என்று ஆட்டினார், சின்னக் குழந்தைக்கு டாட்டா சொல்வது போல.

ஹாரன் ஹாரன் அடிக்கவில்லை. ரிவர்ஸ் கியரைப் போட்டார். அவர் பின்னோக்கி ஏற, அக்கா முன்னோக்கி ஏற, ஊர்வலத்துக்கு முன்னால் போகிற வண்டி மாதிரி, ஆனால் முகத்தை முழுசாக இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவர் மேல்தட்டு வரைக்கும் அக்காவைப் பார்த்தபடியே வழிவிட்டுக்கொண்டு போக வேண்டியதாயிற்று. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இரண்டு தடவை வானத்தைப் பார்த்தார். ஒரு தடவை மதிலில் உரசினார்.

“மெதுவா, மெதுவா,” என்றார் அக்கா பரிவோடு. “டைம் எடுத்துக்குங்க. என் வண்டி எங்க வேணா நிக்கும், எங்கருந்து வேணா கிளம்பும்.”

பின்னால் மாப்பிள்ளை ஸ்கூட்டரில் நின்றுகொண்டே ஏறிவந்து, கீழேயிருந்து வருகிறவர்களையெல்லாம், “எங்க அத்தை போறாங்க, கொஞ்சம் பொறுங்க!” என்று மறித்துக்கொண்டிருந்தார்.

உச்சியில் ஹாரனின் வண்டி ஓரமாக ஒதுங்கியதும், மேஸ்திரி அதிலிருந்து இறங்கினார். முழு லோடோடு மேலே வந்து நின்ற வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தார்ப்பாயை விலக்கி ஒரு பெட்டியைத் திறந்து, டைல் ஒன்றை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார். நல்ல சத்தம் வந்தது.

“ஒண்ணும் உடையலையே! சரிம்மா, நீங்களே எடுத்துக்குங்க. நாளைலருந்து ஆரம்பிச்சுடலாமா?”

“நாளைக்கு எதுக்கு?” அக்கா பின்கதவின் கொக்கியை ஏற்கெனவே தட்டிக் கழற்றியிருந்தார். “ஆளுங்களைக் கூப்பிடுங்க. இதை இறக்கிட்டு அடுத்த லோடுக்குப் போகணும்.”